எட்டு

கம்பியில்லாத போன் வீட்டுக்கு வந்த அன்று
கையேட்டை நான்தான் படித்தேன்.
புரோகிராம் பொத்தானை அழுத்திப் பிடி.
எண்ணைப் போடு.
எந்த இடம் என்று சொல்லு.
பீப் என்றால் பதிந்தது.

ஒன்று யாருக்கும் கிடையாதாம்.
கருவி தனக்கே வைத்துக்கொண்டது.
இரண்டில் செங்கோட்டுவேல்,
சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸ்.
மூன்றில் கேஸ்.
நாலில் ஓமலூர் நாத்தனார்.
"எனக்கு முன்னால கேஸ்காரனா?" என்றவள்
ஆடிப் பதினெட்டு வரைக்கும் பேசவில்லை.
ஐந்து டாக்டர், ஆறு ஸ்கூல் வேன்.
ஏழில் என் தம்பி. அவன் வாடகை வீடு மாற மாற
ஏழை மூன்று தரம் அழித்து எழுதினேன்.
ஒன்பது, ஃபைனான்ஸ். அதை அவரே பதிந்தார்.
மாசம் அஞ்சாம் தேதி வந்தால்
அந்தப் பொத்தான்தான் தேயும்.

போனின் அடியில் பெயர் எழுத ஒரு சீட்டு,
மேலே பிளாஸ்டிக் மூடி.
பென்சிலால் எல்லாரையும் எழுதினேன்.
எட்டுக்கு நேரே மட்டும்
எதுவும் இல்லை.

சோறு வடித்த பிறகு
ஆண்டெனாவை இழுத்துவிட்டுக்கொண்டு மாடி ஏறுவேன்.
தண்ணித்தொட்டி வரைக்கும் எட்டும்.
தொட்டிக்கு அந்தப் பக்கம் வெறும் கரகரப்பு.
அங்கே நின்று எட்டை அழுத்திப் பிடிப்பேன்.
நான் தொடாமலே ஏழு எண்களும் ஓடும்.
"மேகலா டிரைவிங் ஸ்கூல். சொல்லுங்கக்கா,
மூணு மணிக்கு வண்டி ஃப்ரீதான்."
பர்வீனுக்கு என் மூச்சே தெரியும்.

கன்னங்குறிச்சி மாடிகளுக்கெல்லாம்
கைப்பிடிச் சுவருக்கு மேலே சேர்வராயன் மலைதான்.
ஒரு பஸ் வளைவில் தெரியும்,
மறையும்,
இன்னும் மேலே தெரியும்.
இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர் பெண்டாட்டி
ஏற்காடு போக
யாராவது கூட்டிப்போக வேண்டியிருந்தது.

ஏரியோரப் பொட்டலில் சுண்ணாம்புக் கோடு.
மேல்வட்டம் வந்துவிடும்.
எட்டின் இடுப்புக்கு வந்தால்
கால் தானாக ஊனிக்கொள்ளும்.

புதன்கிழமை ராத்திரி
கண்ணாடி போடாமல் ஒன்பதைத் தேடிய கட்டைவிரல்
ஒரு படி முன்னாலேயே இறங்கிவிட்டது.
அடுப்படியில் எனக்குக் கேட்டது
ஒரு இருமல் மட்டும்.
போனைத் தொட்டிலில் வைத்தார்.
மூன்று தோசை சாப்பிட்டார்.
சட்னியில் உப்பு கம்மி என்றார்.

பர்வீன் மறுநாள் அழாத குறை.
"உங்க நம்பர்னு பார்த்ததும் நானே ஆரம்பிச்சுட்டேங்க்கா.
நாளன்னிக்கு ஏழு மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்,
எட்டு போடறப்ப காலை ஊனிராதீங்கன்னு.
அப்புறந்தான் ஒரு ஆம்பளை இருமுச்சு."

வெள்ளிக்கிழமை.
வேப்பமரத்தடியில் இன்ஸ்பெக்டர்
காகிதத்தை விட்டுத் தலை தூக்கவே இல்லை.
சக்கரத்துச் சத்தத்திலேயே பார்த்துவிடுவார் போல.
"அடுத்து" என்றார்.
அவ்வளவுதான் பாஸ்.

ஹெல்மெட் அழுத்திய தலையோடு
மாடிக்கு ஓடி
எட்டை அழுத்தினேன்.
எண்கள் ஓடின. ஓட்டம் நின்றிருக்க வேண்டிய இடத்தில்
நிற்காமல் இன்னும் ஓடின.
வெளியூருக்குப் போகும் நீளம்.

பின்னால் லாரி ஹாரன்.
"சொல்லு."
தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்விடலாமா என்றிருந்தது.
"எட்டு போட்டியா?"
"போட்டேன்."
"காலு?"
"ஊனலைங்க."
இருமல்.
"சரி. லோடு ஏறுது, வைக்கிறேன்."

எப்போது அழித்தார், எப்போது பதிந்தார்,
அந்த பீப் எனக்கு எப்படிக் கேட்காமல் போனது?
கோபமா, வேறெதுவுமா?
இருமலில் என்ன கண்டுபிடிப்பது.
இப்போது இரண்டிலும் அவர்,
எட்டிலும் அவர்.

பர்வீன் நம்பர் எனக்கு மனப்பாடம்.
அதை எந்தப் பொத்தானிலும் போய் அழிக்க முடியாது.
கார் கிளாஸ் பதினஞ்சு நாள்தான் என்றாள்.

புரோகிராமை அழுத்திப் பிடித்தேன்.
ஏழு எண்கள். பிறகு
மூன்று.
பீப்.

கேஸ் தீரும்போது பார்த்துக்கொள்ளலாம்.